செவ்வாய்க்கிழமைப் பால்

தை 2, புதன்

வேலும் மயிலும் துணை.

பொங்கல் வேலை ஓய்ந்தது. பானையைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, புது நோட்டில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டேன். பதினோரு கட்டம். எழுந்த நேரம், காலை மாத்திரை, மதிய மாத்திரை, மாலை மாத்திரை, நடை, நடுக்கம், பேச்சு, மலம், தூக்கம், விழுந்தது, காரணம். அந்த நோட்டு இவர் உடம்புக்கு. இந்த டைரி மற்றதுக்கு.

இவருக்கு நடுக்குவாதம் என்று பாளையங்கோட்டை டாக்டர் சொல்லிப் பத்து மாதம் ஆகிறது. மூளையில் ஏதோ ஒன்று சுரப்பது குறைந்துவிட்டதாம்; அதைத்தான் மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். சில நாள் தானே சட்டைப் பொத்தான் போட்டுக்கொள்கிறார். சில நாள் நடந்து வரும்போதே நிலைப்படியில் கால் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிடுகிறார். எந்த நாள் எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. மாசி 26 அன்று மறுபடி டாக்டரிடம் போக வேண்டும். இப்படியே இருந்தால் மாத்திரையைக் கூட்ட வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார்.

கார்த்திகையில் ஒரு தடவை கூட்டிப் பார்த்தார்கள். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

காலை இட்லி நான்கு, பாசிப்பருப்பு சாம்பார். மாத்திரையைப் பாலோடு கொடுத்தேன். மதியம் துவரம்பருப்பு சாம்பார், மேலே நெய். மாத்திரைக்கு மறுபடி அரை டம்ளர் பால். நாலு மணிக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல். ஆள் மெலிந்துகொண்டே போகிறார், இன்னும் கொஞ்சம் சத்தாகக் கொடுக்க வேண்டும்.

தை 4, வெள்ளி

மாடியில் குடியிருக்கும் ஹெப்சிபா மிஸ் இறங்கி வந்தார். பெண்கள் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவர். தமிழில் ஒரு அறிவியல் புத்தகம் எழுதுகிறாராம். முதல் அத்தியாயத்தை என் மடியில் வைத்தார்.

"நீங்கதான்க்கா எனக்கு முதல் வாசகர். புரியாத இடத்துல பென்சிலால கோடு போடுங்க."

"நான் எட்டாம் வகுப்பு, மிஸ்."

"அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். எங்க காலேஜ்ல புரியலைன்னாலும் தலையாட்டுவாங்க."

எட்டாம் வகுப்புக்கு மேல் நான் படித்ததெல்லாம் கிளை நூலகத்தில் கிடைத்தது. மூலிகை, வானியல், ஊறுகாய், சித்தாந்தம், எது கையில் அகப்பட்டதோ அது. அதனால் ஆசையாகத்தான் உட்கார்ந்தேன்.

முந்நூறு வருடமாக அறிவியல் இந்த உலகத்தை ஒரு கடிகாரம் மாதிரிப் பார்த்ததாம். பிரித்துப் போட்டு, பல்சக்கரம் ஒவ்வொன்றையும் சோதித்தால் பழுது எங்கே என்று தெரிந்துவிடும். இப்போது அந்தப் பார்வையே மாறிக்கொண்டிருக்கிறதாம். மழை, காடு, சந்தை, உடம்பு, குடும்பம் எதுவும் கடிகாரம் இல்லை. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையும். அது திரும்பி வந்து முதலாவதை அசைக்கும்.

இவருக்கு வாசித்துக் காட்டினேன். இருபத்தொன்பது வருடம் நூற்பு மில்லில் ஃபிட்டராக இருந்தவர். "பழுதுன்னு ஒண்ணு இருந்தா காரணம்னு ஒண்ணு இருக்கும்ளா. கண்டுபிடிக்கத் தெரியாதவன்தான் அதுவும் இதுவும்னு சுத்துவான்" என்றார். பேச்சு மெதுவாக வந்தது. ஆனால் வந்தது.

'பார்வைச் சட்டகம்' என்ற இடத்தில் பென்சில் கோடு போட்டேன்.

தை 5, சனி

மிஸ் கோட்டைப் பார்த்துச் சிரித்தார். "கண்ணாடி போட்டிருக்கவங்களுக்குக் கண்ணாடி தெரியாதுக்கா. அது வழியாத் தெரியுறதுதான் தெரியும். ஒரு காலத்து ஆளுங்க மொத்தமா ஒரே கண்ணாடியப் போட்டிருப்பாங்க. அதுதான்."

"அப்ப அப்படியே எழுத வேண்டியதுதானே?"

அடித்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார்.

தை 8, செவ்வாய்

விரதம். பால் பாக்கெட் இரண்டும் கோயிலுக்கு, அபிஷேகத்துக்கு. செவ்வாயும் கிருத்திகையும் வீட்டுப் பால் முழுவதும் முருகனுக்குத்தான், கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து. அன்று காபி கிடையாது, சமையலும் சாயங்காலம்தான். பகலில் எனக்குத் தண்ணீர் மட்டும். இவர் மில்லுக்குப் போன காலத்திலேயே, "நீ பட்டினி கெடக்க, நான் மட்டும் சாம்பார் ஊத்தி அடிக்கவா?" என்று அவலும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். இப்போதும் அதேதான். மாத்திரைக்கு வெந்நீர்.

இன்று மாடிப்படியில் நாலு படி ஏறி, மிஸ்ஸின் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கினார். பின்னாலேயே நின்றேன். தொடவில்லை.

காரணம் என்ற கட்டத்தில் 'முருகன்' என்று எழுதினேன்.

தை 11, வெள்ளி

மோசம். கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவில் இருபது நிமிடம் நின்றார். நான் பிடித்துக்கொண்டு நின்றேன். குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது.

"போய் அணைச்சிட்டு வா."

"விட்டா விழுந்துருவீங்க."

"பருப்பு கரிஞ்சா அதுக்கும் என்னையச் சொல்லுவ."

பருப்பு கரிந்தது. வேறு வைத்தேன்.

எழுத வேண்டாம் என்று நினைத்ததை எழுதிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டிருப்பதை விட அது நல்லது. கார்த்திகையில் மாத்திரையைக் கூட்டிய நாலாம் நாள், கூடத்தில் ஆட்டுக்குட்டி நிற்பதாகச் சொன்னார். வெள்ளைக் குட்டி, ஒரு காது மட்டும் கறுப்பு. விரட்டச் சொன்னார். முறத்தைத் தட்டி விரட்டினேன், போய்விட்டது என்றேன். ஆறாம் நாள் காலையில் மாத்திரையோடு போன என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாரு வீட்டுப் பிள்ளைம்மா? எதுக்கு இவ்வளவு சிரமம்?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். மாத்திரையைக் குறைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. அவருக்கு அது ஞாபகம் இல்லை.

வெள்ளிக்கிழமையும் விரதம் இருப்பதாக இன்று வேண்டிக்கொண்டேன். இது எனக்கும் முருகனுக்கும் நடுவில். இவருக்கு எப்போதும்போலச் சமையல் உண்டு.

தை 15, செவ்வாய்

விரதம். நடை நன்று. காரணம்: முருகன்.

தை 17, வியாழன்

சிலிண்டர் வந்தது. சீட்டில் இவர்தான் கையெழுத்துப் போட்டார். எழுத்து எறும்பு அளவுக்குச் சிறுத்துவிட்டது. 'கழுகாசலம்' என்பதில் கடைசி இரண்டு எழுத்து கோடாகப் போயிற்று. மெஷின் பாகங்களுக்கு நம்பர் எழுதிய கை. நான் சீட்டை மடித்து வைத்தேன்.

தை 19, சனி

மிஸ் இரண்டாம் அத்தியாயத்தோடு வந்தார். இவர் நல்ல பேச்சில் இருந்தார், காலை பத்து மணி வரைக்கும்.

"மிஸ்ஸு, ஒரு கதை கேளுங்க. மில்லுல எட்டாம் நம்பர் ஃபிரேம்ல நூல் அறுந்துகிட்டே இருந்துச்சு. ஸ்பிண்டில மாத்துனேன், பெல்ட்ட மாத்துனேன், ஒண்ணுத்துக்கும் அடங்கல. கடைசியில பாத்தா, எவனோ மேக்கு ஜன்னலத் தெறந்து வச்சிருக்கான். உள்ள இருந்த ஈரம் காத்தோட போயிருச்சு. பஞ்சுக்கு ஈரம் வேணும்லா?"

"அப்ப ஒரே காரணம். ஜன்னல்" என்றேன் நான்.

"அவசரப்படாத. ஜன்னலச் சாத்துனேன். நூல் அறுகது நின்னுது. ஆனா உள்ள வேக்காடு தாங்காம வேல பாக்குற பிள்ளைக அசந்துபோச்சு. மறு வாரம் உற்பத்தி இன்னும் கொறஞ்சு போச்சு. என்னையத்தான் ஏசுனாங்க."

மிஸ் கைதட்டினார். "அண்ணாச்சி, என் அடுத்த அத்தியாயம் மொத்தமும் இதுதான்."

"ஆனாலும் ஜன்னல் ஜன்னல்தான்" என்று முடித்தார். விட்டுக்கொடுக்க மாட்டார்.

அத்தியாயத்தில் 'சிக்கல்' என்று வரும் இடமெல்லாம் கோடு போட்டுவிட்டேன். சிக்கல் என்றால் அவிழ்த்தாக வேண்டும். மிஸ் சொல்வதோ, அவிழ்த்தால் காணாமல் போய்விடுகிற ஒன்று. "அதுக்குப் பின்னல்னு பேரு, மிஸ். தலைப் பின்னல அவிழ்த்துட்டுப் பின்னல் எங்கேன்னு தேடுனா முடிதான் இருக்கும்" என்றேன். தாளின் ஓரத்தில் 'பின்னல்' என்று எழுதிக்கொண்டு, "புத்தகத்துல உங்க பேரப் போடணும்" என்றார். வேண்டாம் என்றேன்.

தை 22, செவ்வாய்

நன்று. தானே குளித்தார்.

தை 24, வியாழன்

தை கிருத்திகை. பால் கோயிலுக்கு. இவர் வாசல் வரை போய் பேப்பர் எடுத்து வந்தார். முருகா, உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

எனக்குக் கொஞ்சம் தலை சுற்றல். வெயில்.

தை 30, புதன்

நேற்று பூசம், செவ்வாயும் சேர்ந்து வந்தது. என்ன நடை, என்ன பேச்சு! வேட்டியைத் தானே கட்டிக்கொண்டு கோயில் வாசல் வரை வந்தார். வாசலில் நின்றே தீபாராதனை பார்த்தோம்; என் கையை இவரே பிடித்துக்கொண்டார், நான் பிடிக்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் இன்று காலை பாயசம் வைத்தேன், பாசிப்பருப்பும் பாலும் தாராளமாக விட்டு. பதினொன்றரைக்கு நிலைப்படியில் விழுந்துவிட்டார். தாடையில் அடி. என்னால் தூக்க முடியவில்லை. நல்லவேளை, ஹெப்சிபா மிஸ்ஸுக்கு இன்று விடுப்பு; கூப்பிட்டதும் ஓடி வந்தார். இரண்டு பேருமாகக் கட்டிலில் சேர்த்தோம்.

பஞ்சு எடுக்கப் போன மிஸ் அலமாரியில் இருந்த நோட்டைப் பார்த்துவிட்டார். நின்றபடியே புரட்டினார்.

"அக்கா, இந்த முருகன்னு எழுதுன நாளெல்லாம்..."

"அது அவன் அருள்."

"சரி. அத நான் கேக்கல. இதுல சாப்பாடு எங்க?"

"சாப்பாட்டுல என்ன இருக்கு? நான் போடுறதுதானே."

அவர் நோட்டைத் திரும்ப அலமாரியில் வைத்தார். தாடைக்கு மருந்து வைத்துவிட்டு மேலே போய்விட்டார். மூன்றாம் அத்தியாயத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு கண்ணாடி வழியாகவே பார்த்துப் பழகியவர்கள், அதில் அடங்காததைப் பார்த்தால் பிழை என்று ஒதுக்கி ஒரு பக்கம் போட்டுவிடுவார்களாம். ஒதுக்கியது குவிந்து வழியும்போதுதான் யாராவது ஒருவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்ப்பாராம்.

இதில் கோடு போட ஒன்றுமில்லை. நன்றாகப் புரிந்தது.

மாசி 1, வியாழன்

பன்னிரண்டாவது கட்டம் போட்டேன். சாப்பாடு. இந்த டைரியைப் பார்த்தும் ஞாபகத்தில் இருந்ததைக் கொண்டும் பழைய நாட்களுக்கும் நிரப்பினேன்.

முருகன் என்று எழுதிய நாள் ஐந்து. ஐந்திலும் பகலில் பால் இல்லை, பருப்பு இல்லை. அவல், பழம், வெந்நீர்.

மருந்துப் பையைக் கொட்டி முதல் சீட்டைத் தேடினேன். கிடைத்தது.

மாசி 2, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. உளுந்து புடைத்தேன். ஊறுகாய் ஜாடி கழுவிக் காய வைத்தேன். விளக்கேற்ற மறந்துபோய் ஏழு மணிக்கு ஏற்றினேன்.

மாசி 3, சனி

சொல்லிவிட்டேன்.

முதல் சீட்டிலேயே டாக்டர் தமிழில் எழுதியிருக்கிறார், 'உணவுக்கு அரை மணி நேரம் முன்பு'. கீழே கோடும் போட்டிருக்கிறார். முதல் வாரம் இவருக்கு ஒரே குமட்டல். வெறும் வயிற்றில் போடுவதால்தான் என்று நானாக முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் யாருக்கும் வெறும் வயிற்றில் மாத்திரை கொடுத்ததில்லை, குடல் புண்ணாகிவிடும் என்று. இட்லி கொடுத்து, மேலே பாலோடு மாத்திரை கொடுத்தேன். குமட்டல் நின்றது. அதற்குப் பிறகு அந்தச் சீட்டை நான் பார்க்கவே இல்லை. மறந்துவிட்டேன் என்று எழுதலாம். மறக்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

இவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாலும் பருப்பும் மாத்திரையை மறிக்கிறது போலிருக்கிறது, மெலிகிறீர்கள் என்று நான் அதையே கூட்டிக்கூட்டிக் கொடுத்திருக்கிறேன், கார்த்திகையில் மாத்திரையைக் கூட்டியதும் இதனால்தானோ என்னவோ. பத்து மாதம்.

முகத்தில் எதுவும் தெரியவில்லை. இந்த நோயில் முகம் அசைவதில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பத்து மாசம் பால் குடுத்திருக்க" என்றார் கடைசியில். "வெசமா குடுத்த?"

நான் அழுதேன். நேற்றே அழுதிருக்க வேண்டியது.

"அப்ப செவ்வாக்கிழம நல்லா இருந்ததெல்லாம் முருகன் இல்லியா?" என்று கேட்டேன். இவரிடம் போய்க் கேட்டேன், கோயிலுக்கு வந்தால் செருப்பைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்கிறவரிடம்.

யோசித்தார். "செவ்வாக்கிழம பால அவன் வாங்கிக்கிடலைன்னா, அதையும் எனக்குல்ல ஊத்தியிருப்ப?"

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன்.

மாசி 4, ஞாயிறு

ஹெப்சிபா மிஸ்ஸிடம் நோட்டைக் கொடுத்தேன். "மாத்திரை அளவுல நாம கை வைக்கக் கூடாதுக்கா. சாப்பாட்ட மட்டும் நகத்திப் பாப்போம். மொதல்ல ஒரு போன் போட்டுக் கேளுங்க" என்றார். நர்ஸம்மா எடுத்தார். சீட்டில் உள்ளபடி உணவுக்கு முன்பு கொடுங்கள், நோட்டைக் கொண்டுவாருங்கள் என்றார்.

இவர் கட்டிலில் இருந்தே மேஸ்திரி மாதிரி உத்தரவு போட்டார். "ஒண்ண மட்டும் மாத்து. மூணு நாள் பாரு. அப்புறம் அடுத்தது. ரெண்டையும் சேத்து மாத்துனா எதுனால சரியாச்சுன்னு எப்படித் தெரியும்?"

மிஸ் மெல்லச் சொன்னார், "ஒண்ண மாத்துனா மத்தது சும்மா இருக்காது அண்ணாச்சி."

"பாப்பமே."

மாசி 7, புதன்

மாத்திரை முன்னால், வெந்நீரில். காலையில் பால் இல்லை. பருப்பு பழையபடியே. காலை நடை சுமார். மதியத்துக்கு மேல் பழைய கதை. அரைக் கிணறு தாண்டியது போல என்று எழுதி அடித்தேன், கணக்கு நோட்டில் அப்படி எழுதக் கூடாது. 'காலை 6 பங்கு, மாலை 3 பங்கு, பத்துக்கு.'

மாசி 10, சனி

பருப்பு எல்லாம் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போயிற்று. பகலில் ரசம், மிளகு குழம்பு, வெண்டைக்காய், பூசணி. நேற்றும் இன்றும் பகல் நடை நன்று.

ஆனால் மிஸ் சொன்னதுதான் நடக்கிறது. பருப்பில்லாமல் இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறார். குறைவாகச் சாப்பிடுவதால் மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை. வயிறு இளகாததால் தூக்கம் இல்லை. தூக்கம் இல்லாததால் காலை எழுந்ததும் எரிச்சல்.

"இது என்ன, ஜெயில் சாப்பாடா?"

"ஜெயில்ல வெண்டைக்கா வதக்கிக் குடுப்பாங்களா?"

"சாம்பார் குடுப்பாங்க."

ஒன்றை இழுத்தால் நாலு இழுபடுகிறது. ஊறவைத்த உலர்திராட்சை கொடுத்தேன். கீரையைக் கூட்டினேன். மதியம் ரசத்தில் பெருங்காயத்தைத் தூக்கலாகப் போட்டு, சாம்பார் மணம் வரும்படி கொத்தமல்லி வறுத்து அரைத்துவிட்டேன். "ஏமாத்துதியா?" என்றார். ஆனால் இரண்டாவது தடவை சோறு வாங்கினார்.

மாசி 13, செவ்வாய்

விரதம். பால் கோயிலுக்கு. பருப்பில்லை, பாலில்லை, மாத்திரை நேரத்துக்கு. எல்லாம் சரியாகச் செய்தும் இன்று மிக மோசம். பதினொரு மணியிலிருந்து ஒன்றரை வரை கூடத்தில் நின்றது நின்றபடி. பேச்சும் இல்லை. காரணம் தெரியவில்லை.

நான் அடுக்களையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கட்டங்களை மூன்று தடவை சரிபார்த்தேன். எதிலும் மாற்றம் இல்லை. டாக்டரிடம் போக இன்னும் பதின்மூன்று நாள்தான் இருக்கிறது.

மாசி 14, புதன்

மிஸ் கல்லூரிக்குப் போகும் வழியில் உள்ளே வந்தார். கையில் நாலாம் அத்தியாயம். கொடுக்காமல் நின்றார்.

"நேத்து ஏன் மோசம்னு எழுதியிருக்கீங்களா?"

"காரணம் தெரியல, மிஸ்."

"தெரியலையா? பதினோரு மணிக்கு நீங்க அடுக்களையில மயங்கி விழுந்தீங்க. நேத்து எனக்கு மத்தியானம்தான் வகுப்பு, பாத்திரம் உருண்ட சத்தம் மேல கேட்டுச்சு. நான் வந்தப்ப அண்ணாச்சி கூடத்துல நின்னு உங்களையே பாத்துட்டு நிக்காங்க. கூப்பிட வாய் வரல, வந்து தூக்க கால் வரல. கண்ணுல தண்ணி மட்டும் ஓடுது. இது எந்தக் கட்டத்துல இருக்குக்கா?"

"அது என் உடம்பு. இது அவங்க நோட்டு."

"வாரத்துல எத்தன நாள் பட்டினி?"

"செவ்வாய்." பிறகு, "வெள்ளியும்." பிறகு அவர் பார்த்துக்கொண்டே நின்றதால், "திங்கள் ஒரு வேளை."

"எல்லாத்தையும் அளந்து வச்சிருக்கீங்க. நீங்க எங்க இருக்கீங்க இதுல?"

"நான் எழுதுறவ, மிஸ்."

"எழுதுறவங்க வெளிய நிக்க முடியாதுக்கா. அதத்தான் இந்த அத்தியாயத்துல பத்துப் பக்கம் எழுதியிருக்கேன், ஒழுங்கா வரல." தாள்களை மேசையில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார்.

கட்டிலில் இவர் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

பதின்மூன்றாவது கட்டத்துக்குத் தாளில் இடம் இல்லை. அந்த எண்ணும் அவ்வளவு நல்லதில்லை.

மாசி 18, ஞாயிறு

தானே சவரம் செய்துகொண்டார். காதோரம் கொஞ்சம் விட்டுப்போயிற்று. சொல்லவில்லை.

மாசி 22, வியாழன்

வெள்ளி, திங்கள் வேண்டுதலை முருகனிடம் சொல்லித் திருப்பி வாங்கிக்கொண்டேன். கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. செவ்வாயை விட முடியாது.

எடை பார்க்கும் மெஷினில் இவரை நிறுத்தினோம். இரண்டு கிலோ கூடியிருக்கிறார். ராத்திரியில் இவர் சாம்பார் சாப்பிடும் வேகத்தைப் பார்த்தால் ஆச்சரியம் இல்லை.

மாசி 26, திங்கள்

பாளையங்கோட்டை. மிஸ் விடுப்புப் போட்டுக்கொண்டு கூட வந்தார். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். இவர் தானாகவே எழுந்து அறைக்குள் நடந்தார். நிலைப்படியில் எனக்கு மூச்சு நின்றது. இவருக்குக் கால் நிற்கவில்லை.

டாக்டர் நோட்டை மடக்கி வைக்கப்போனவர், மறுபடி திறந்தார். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். வெளியே ஆள் நிறைய இருந்தும் பார்த்தார்.

"பால், பருப்புல இருக்க புரதமும் இந்த மாத்திரையும் ஒரே வாசல்ல நுழையப் பாக்குதும்மா. கூட்டமா இருந்தா மாத்திரை வெளியில நிக்கும். எல்லாருக்கும் இவ்வளவு பாதிக்காது. இவருக்குப் பாதிக்குது."

"நான்தான் டாக்டர் சீட்டப் பாக்காம..." என்று தொடங்கினேன்.

"பாதிப் பேரு அப்படித்தான் குடுக்காங்க. நானும் ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கணும்." பேனாவை எடுத்தார். "மாத்திரையக் கூட்டல. இப்படியே போகட்டும்."

இவர் கேட்டார், "அப்ப காரணம் கண்டுபிடிச்சாச்சுல்லா டாக்டர்? ஜன்னலச் சாத்தியாச்சு?"

டாக்டருக்கு ஜன்னல் புரியவில்லை. மிஸ் சொன்னார். சிரித்துவிட்டு டாக்டர் சொன்னது: "இன்னைக்குச் சாத்தியாச்சு. இந்த நோய் போகாது அண்ணாச்சி. இன்னும் ஆறு மாசத்துல வேற ஜன்னல் தெறக்கும். அதனால நோட்ட நிறுத்தாதீங்க."

பஸ்ஸில் வரும்போது இவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். தாழையூத்து தாண்டியதும் கேட்டார், "ஏளா, கார்த்திகையில நான் உன்னைய யாருன்னு கேட்டேனாமே?"

மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் முன் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தார், அல்லது தூங்குவதுபோல இருந்தார். மிஸ்ஸிடம் நான் அதைச் சொன்னதே இல்லை.

"யார் சொன்னா?"

"டைரிய மேசையிலேயே வச்சிட்டுப் போற."



மாசி 27, செவ்வாய்

விரதம். பாலைக் கோயிலில் கொடுத்துவிட்டு எட்டரைக்குத் திரும்பினேன். காலை நடையைப் பதிய நோட்டைத் திறந்தேன்.

பக்கத்தின் ஓரத்தில், இடமில்லாத இடத்தில், அளவுகோல் இல்லாமல் ஒரு கோடு இழுத்திருந்தது. கோணல். அதற்குத் தலைப்பு: உலகம்மாள். கண்ணாடி போடாமலே வாசிக்க முடிந்தது, அவ்வளவு பெரிய எழுத்து. என் முழுப் பெயரையும் இவர் எழுதி நான் பார்த்ததில்லை. முப்பத்தொரு வருடத்தில் கூப்பிட்டதும் ஏளா, இந்தா, அதிகம் போனால் உலகு.

கீழே, 'காலை 6. எழுந்தா. ஒண்ணும் திங்கல. முகம் வாட்டம்.'

அதற்குக் கீழே, 'மதியம்' என்று எழுதிக் காலியாக விட்டிருந்தது.

இவர் கட்டிலில் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். பேப்பர் நடுங்கியது.

"விரதம்னா ஒண்ணும் சாப்பிடக் கூடாதுங்க."

"அவலும் பழமும் விரதச் சாப்பாடுதான. முப்பது வருசமா நான் அதத்தான் திங்கேன். முருகன் என்னைய ஒண்ணும் சொன்னதில்ல." பேப்பர் இறங்கவில்லை. "ஒனக்கு ஒண்ணுன்னா நான் நின்ன எடத்துலயே நிப்பேன்ளா. அன்னைக்குப் பாத்தல்லா."

மாடத்தில் முருகன் எப்போதும்போலத்தான் இருந்தான். விழுந்து கும்பிட்டேன், மன்னிப்புக் கேட்டேனா நன்றி சொன்னேனா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

மதியம் ஒரு மணிக்கு இவரோடு தரையில் பாய் விரித்து உட்கார்ந்து அவலும் வெல்லமும் பழமும் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வருவதற்குள் எழுதிவிட்டார்.

'மதியம் 1. தின்னா. ரெண்டு கிண்ணம்.'

ஒரு கிண்ணம்தான். நோட்டில் தப்பு இருந்தால் எனக்குப் பொறுக்காது. பென்சிலை எடுத்தேன், வைத்துவிட்டேன்.